வகையறாவில் இருந்த டீச்சரம்மா

பழைய சிட்டாப் புத்தகத்தின் அந்தப் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எட்டு மா நஞ்சைக்கு நேரே ஓர் ஆணின் பெயர். அதையொட்டி அவசரமாகக் கிறுக்கிய ‘வகையறா’. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பார்கள். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும், அவ்வளவுதான். கல்யாண பேனரில் குடும்பப் பெயருக்குப் பின்னால் போட்டால் பெருமை. நிலப் புத்தகத்தில் இருந்தால், எழுதச் சோம்பல்பட்ட யாரோ ஒருவர் நாலு பேரை ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

குத்தாலம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு அப்போது நான் புது வி.ஏ.ஓ. யாரையும் நம்பாத சுபாவம். இளநீர் வெட்டிக் கொடுத்தால்கூட இவருக்கு என்ன காரியம் ஆக வேண்டும் என்றுதான் யோசிப்பேன். அப்படிப்பட்டவனைத் தேடி டீச்சரம்மா வந்தார். மிஷன் பள்ளியில் ஓய்வு பெற்றவர். புத்தகத்தில் பெயர் இருந்தவரின் தங்கை.

“வகையறாவுல நான்தான் சார் இருக்கேன். அண்ணன் நிலத்தை விக்கப் போறாராம். என் பேரையும் தனியா எழுதிடுங்க” என்றார்.

இத்தனை வருஷம் எங்கே போயிருந்தார் என்று எனக்குள் ஓடியது. அண்ணனை வரவழைத்துக் கேட்டேன். “அது என் சம்சாரம், பசங்களைச் சொல்றது சார்” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. டீச்சரம்மாவிடம் சொன்னபோது, “இதை எழுதுனப்ப அண்ணனுக்குக் கல்யாணமே ஆகல சார்” என்றார். பக்கத்தின் தலையில் இருந்த வருஷத்தை அண்ணனின் மூத்த பையன் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஆனாலும், இவ்வளவு சட்டென்று பதில் வருகிறதே, யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்று தோன்றியது. இருவருக்கும் ஒரே அப்பா என்று காட்ட, சர்ச்சிலிருந்து ஞானஸ்நானப் பதிவின் நகலை வாங்கி வரச் சொன்னேன்.

அவர் அதற்கு அலைந்துகொண்டிருந்தபோது, சிட்டாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பட்டியல் சரிபார்க்க வந்தது. அதில் அண்ணன் பெயர் மட்டும் இருந்தது. வகையறா என்பது ஆள் பெயர் இல்லையே என்று தட்டச்சு செய்தவர் விட்டிருக்க வேண்டும். நான் கவனிக்காமல் இல்லை. டீச்சரம்மா முதலில் காகிதத்தைக் கொண்டுவரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, நகலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் அண்ணன், அந்தப் பட்டியல்படி தன் பெயரில் மட்டும் வந்த புதுப் பட்டாவைக் காட்டி நிலத்தைக் கிரயம் செய்து கொடுத்திருந்தார். அந்தப் பட்டாவை டீச்சரம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“வகையறா எங்க சார்?”

நடந்ததைச் சொன்னேன். கேஸ் போடலாம் என்றும் சொன்னேன். அவர் நகலை மறுபடி கைக்குட்டையில் சுற்றினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அண்ணன் உங்களுக்கு என்ன குடுத்தாரு?”

நான் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை. அதைச் சொல்லவும் செய்தேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.