வேன் வராத தீவுக்கு என் கணவரைக் கூட்டிப் போனேன்

இந்தப் பயணத்துக்குக் காரணம் பொறாமை. அதுவும் ஒரு வேன் மேல். என் கணவர் கனமூலையிலிருந்து வாடகை வேன் ஓட்டுகிறார். ஓட்டம் இல்லாத நாளிலும் அதைக் கழுவுவார், துடைப்பார், சீட்டுக்கு அடியில் தலையை விட்டு ஏதோ தேடுவார். நான் புது உடுப்பு உடுத்தாலும் கண்ணில் படாது. வேன் கதவில் ஒரு கீறல் விழுந்தால் ஊருக்கே தெரியும். அதனால்தான் போன பெப்ரவரியில் பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு, வாகனமே இல்லாத தீவாகப் பார்த்து அவரைக் கூட்டிப் போனேன். இரண்டு நாள் மனுஷன் எனக்கு மட்டும் வேண்டும், அவ்வளவுதான்.

கனமூலையிலிருந்து கற்பிட்டி ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். காலை ஏழரைக்குக் கிளம்பி ஒன்பதுக்கெல்லாம் படகுத்துறைக்குப் போய்விட்டோம். வேனை மர நிழலில் விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். படகுக்காரர் அந்தோனி போய்வரப் பன்னிரண்டாயிரம் ரூபா வாங்கினார். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த ஓட்டம்.

தீவின் ஒரு பக்கம் அலையில்லாத உப்புநீர்க் களப்பு, மறு பக்கம் பெரிய கடல், நடுவில் மணல். குறுக்கே நடக்கப் பத்து நிமிடம் போதும். தார் றோட்டும் இல்லை, ஹோர்ன் சத்தமும் இல்லை. பிள்ளைகள் நடுப்பாதையில் உருண்டு விளையாடுகிறார்கள். கடைக்குப் போகிறவர்கள் நின்று கதைத்து, மறுபடி நடந்து, மறுபடி நின்று கதைக்கிறார்கள். கருவாட்டு மணம் எங்கும் உண்டு, பிடிக்காதவர்கள் யோசித்துப் போங்கள். அந்தோனி வீட்டோடு சேர்ந்த ஓலைக் குடிலில் தங்கினோம். சாப்பாட்டோடு ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு.

பின்னேரம் கடற்கரையில் நடக்கலாம் என்று முகம் கழுவி வந்தால் மனுஷனைக் காணோம். அந்தோனியின் படகில் குனிந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை முழுக்க எண்ணெய், முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தோனியின் மனைவி ஜெசிந்தா மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன்.

“உங்கட வேன் அங்கால கரையில நிக்குது. எங்கட படகு வாசல்லயே கிடக்குது. நான் யாருக்குச் சொல்ல?” என்றார்.

மறுநாள் காலை பிடிவாதமாக மனுஷனைக் கடல் பக்கம் நடத்திக் கூட்டிப் போனேன். சிப்பிகளைக் காலால் தட்டித் தட்டி நடந்தார்.

“இஞ்சாருங்க, என்னோட கதைக்க ஒண்டுமே இல்லையா?”

“வேன்ல பின்னுக்கு ஆக்கள் ஈந்தா கதை வருது. ஒன்னோட தனிய ஈந்தா என்ன கதைக்கிறண்டு வெளங்குதில்ல,” என்றார் மணலைப் பார்த்தபடி.

கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. இருவரும் உட்கார்ந்தோம். மெல்ல மெல்ல வாய் திறந்தார். எங்கள் கலியாணத்தன்று பயத்தில் என் உம்மா வீட்டைத் தாண்டி இரண்டு தடவை வேறு தெருவுக்குப் போய்விட்டாராம். இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது. “பிறகு?” என்று கேட்கும்போதே அந்தோனி கூப்பிட்டுவிட்டார். காற்று எழும்ப முன் கிளம்ப வேண்டுமாம்.

போகிறவர்கள் குடிதண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மட்டும் போங்கள். முக்கியமாக, எங்களைப் போல ஒரே இரவோடு திரும்பிவிடாதீர்கள், மூன்று இரவாவது தங்குங்கள். கற்பிட்டியில் வேனில் ஏறியதும் மிச்சக் கதையைக் கேட்டேன்.

“கொஞ்சம் பொறு,” என்றார், “பிறேக்ல ஏதோ சத்தம் வருது.”