பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று

"…அப்பிடிப் பாத்தா, கொழுந்து பறிக்காத வெரலத்தான் அதுக்கு அடையாளம் தெரியுது போல," என்றாள் மேல் லயத்து அக்கா.

விரல் வைத்துப் பேர் பதிகிற மெஷினில் பழுதில்லை என்று காட்டுவதற்காகக் கணக்கப்பிள்ளை அப்போதுதான் தன் விரலை வைத்து எடுத்திருந்தார். பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. அக்காவின் பேச்சுக்கு யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்றில்லை. காலை ஆறரை மணி, மடுல்சீமைக் குளிர், எல்லோருக்கும் கை விறைத்திருந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் அவளுடைய மகள் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் மாலை பதுளையிலிருந்து வந்திருந்தாள்.

நான் இதைப் பிள்ளைக் காம்பரா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. பதினாறு வருடமாக அங்கே பிள்ளை பார்க்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கு மேல் படித்ததெல்லாம் அந்த வாசலில் படித்ததுதான். பிள்ளையை என் கையில் கொடுக்கிற இரண்டு நிமிடத்தில் அவர்கள் பேசுகிற பேச்சில் நல்லதைப் பால்மாப் பெட்டி அட்டையை வெட்டி, அதன் உள்பக்கத்தில் எழுதி வைப்பேன். பெட்டி நிறைய அட்டை சேர்ந்திருக்கிறது.

அவற்றில் பாதி மேல் லயத்து அக்கா சொன்னவை. மேட்டில் தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை அறைகளில் ஒன்றில் இருக்கிறாள். அவளுக்குக் காம்பராவில் விடப் பிள்ளை இல்லை. பேசுவதற்காகவே வந்து நிற்பாள். அவளிடம் கருத்து இல்லாத விசயம் கிடையாது. டொலர் இறங்கிவிட்டதாக ரேடியோ சொன்ன மறுநாள் சொன்னாள்: "டொலர் ஏறுனப்ப பருப்பு ஒடனே ஏறுச்சு. எறங்குனது இன்னும் பருப்புக்குத் தெரியல போல. யாராச்சும் போய்ச் சொல்லுங்கடி."

கரண்டில் ஓடுகிற கார்கள் கப்பலில் வந்து இறங்குகின்றன என்று யாரோ சொன்னபோது, "வரட்டும், நல்லாருக்கட்டும். அதுக்கு முன்னால ரோடு வந்துருச்சானு ஒரு வார்த்த கேளு," என்றாள்.

போனில் பூனை ஒன்று தோசை சுடுகிற படத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிஜமில்லை, மெஷினே செய்த படம் என்று ஒருத்தி விளக்கினாள். அக்கா முழுவதும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சுடுறது சரி. சட்டி கழுவுமா?"

ஆட்சி மாறி, காம்பராச் சுவரிலிருந்த படத்தையும் நான் மாற்றிக்கொண்டிருந்தபோது, "ஆணியப் புடுங்கிறாத டீச்சர், அடுத்தவருக்கு வேணும்," என்றாள். டீச்சர் என்பது பாதி மரியாதை, பாதி கிண்டல்.

இவ்வளவு பேசினாலும் அவள் குரல் ஏறாது. எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. பெற்றோல் வரிசை, கரண்ட் வெட்டு, பிள்ளைகளுக்கு நான் பாலில்லாத வெறும் சாயத்தண்ணீர் கொடுத்த மாதங்கள் என்று எல்லாம் வந்து போனதில், திடுக்கிட வேண்டியதை எல்லாம் மொத்தமாகத் திடுக்கிட்டு முடித்துவிட்டோம். அதற்குப் பிறகு வந்த செய்தி எதுவானாலும், கேட்பார்கள், ஒரு வார்த்தை சொல்வார்கள், பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு மலை ஏறிவிடுவார்கள்.

விரல் வைக்கிற மெஷின் வந்ததும் அந்த மாதிரி ஒரு செய்தியாகத்தான். அதுவரை பெரட்டில் கணக்கப்பிள்ளை புத்தகத்தில் பேர் எழுதுவார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பிந்தி வந்தால் அரைப்பேர். வேலைக்கு வராதவர்களின் பேரும் புத்தகத்தில் ஏறுவதாகக் கொழும்பில் கண்டுபிடித்தார்களாம். அதனால் இனி புத்தகம் இல்லை, விரல்தான். பின்னேரம் கொழுந்து நிறுக்கிற தராசும் அதோடு சேர்ந்தது. விரல் வைத்தால்தான் அந்தச் சாக்கு யாருடையது என்று அதற்குத் தெரியும்.

பெண்கள் முணுமுணுத்தார்கள். அதற்குச் சாதகமாகப் பேசிய ஒரே ஆள் மேல் லயத்து அக்காதான்.

"மெசினு ஆள் பாக்காதுடி. கங்காணிக்கிட்ட பல்லக் காட்டுனவளுக்கு முழுப்பேரு, மொறச்சவளுக்கு அரைப்பேரு, அதெல்லாம் இனி இல்ல. எனக்கும் தொரைக்கும் ஒரே வெளக்குத்தான் எரியும்."

அவளுக்குச் சிவப்பு எரிந்தது. முதல் நாள் குளிரென்று நினைத்தோம். அடுத்த நாளும் சிவப்பு. வலது பெருவிரல், இடது பெருவிரல் என்று தொடங்கிப் பத்தையும் வைத்துப் பார்த்தாயிற்று. முப்பத்தொரு வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள் அவை. கறை ஏறிக் கறுத்து, கீறல் மேல் கீறல் விழுந்து, நுனி வழவழவென்று ஆகியிருந்தது. என் விரலை முதல் தடவையிலேயே மெஷின் எடுத்துக்கொண்டது.

முதல் கிழமை ஆறு நாளும் கணக்கப்பிள்ளை ஒரு துண்டுத் தாளில் அவள் பேரை எழுதி ஒப்பீசுக்கு அனுப்பினார். தாள் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் நல்ல மனுசன், தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு வைத்தியம். தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வை என்றாள் ஒருத்தி. தேசிக்காய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய் என்றாள் இன்னொருத்தி. தேய்த்ததில் கறை போயிற்று, கூடவே மிச்சமிருந்த கொஞ்சம் ரேகையும் போயிற்று. "நல்லா வெளுத்துருச்சு, பொண்ணு பாக்க வரச் சொல்லு," என்றாள் அக்கா, விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு.

ஆனாலும் மலைக்குப் போனாள். பறித்த கொழுந்தைத் தராசில் வைக்க விரல் வேண்டுமே. பக்கத்து அறைக்காரி, பிள்ளை பெற்று அண்மையில்தான் வேலைக்குத் திரும்பியவள், "என் வெரல்ல போடுக்கா. தேஞ்சா போயிரும்?" என்றாள்.

"தேஞ்சா நீயும் என் கட்சிதான்," என்றாள் அக்கா.

அப்படியே நடந்தது. இரண்டு பேர் கொழுந்து ஒரு விரலில் விழுந்தது. சம்பள நாளில் அவர்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். கூலி வந்துவிட்டது, பேர் மட்டும் வரவில்லை. மாதம் முடிந்தபோது டிவிசனிலேயே அதிகம் பறித்தவள் என்று பக்கத்து அறைக்காரியின் படத்தைப் பலகையில் ஒட்டி, ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவள் அதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா வாங்கவில்லை. இவளும் திருப்பி எடுக்கவில்லை. கடைசியில் அது காம்பராவுக்கு வந்தது. பக்கத்து அறைக்காரியின் கைக்குழந்தைக்கு அதிலிருந்துதான் பால் கரைத்தேன்.

பஜாரில் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளிதான், காக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற அண்ணன், மருந்தைச் சொன்னார். கை வெடிப்புக்கு ஏதாவது கிரீம் இருக்கிறதா என்று கேட்கப் போயிருந்தோம். அக்காவின் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கிரீம் தாறேன், இல்லண்டு சொல்லல்ல. ஆனா மகளே, ரெண்டு கிழம கொழுந்துல கை வைக்காம இருங்க. ரேகை தானா வரும்."

திரும்பி வரச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா சொன்னாள்: "வேலைக்குப் போனா நான் இல்ல. வீட்டுல இருந்தா இருக்கேன். நல்ல வைத்தியம்."

வீட்டில் இருந்தும் பார்த்தாள். ஒன்பது நாள். சட்டி கழுவவில்லை, துணி துவைக்கவில்லை, அவளுடையதையும் சேர்த்து நான் துவைத்தேன். காம்பராவில் வந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, காலால் தொட்டிலை ஆட்டினாள். பத்தாம் நாள் பெரட்டில் இடது பெருவிரலுக்குப் பச்சை எரிந்தது. கணக்கப்பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டீங்க அக்கா," என்றார்.

"நான் எங்கங்கய்யா போனேன்," என்றாள்.

மூன்று நாள் அவளுக்குப் பேர் விழுந்தது. மூன்று நாளும் கொழுந்து கிள்ளினாள். நாலாம் நாள் சிவப்பு.

அந்த மாதக் கடைசியில் கடிதம் வந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியும், ஆனாலும் என்னிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். தொடர்ச்சியாக வேலைக்குச் சமுகமளிக்காத காரணத்தால் அவளுடைய பேர் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது. அந்த அறையிலிருந்து வேறு எவரும் தோட்ட வேலைக்குப் பதியப்படாவிட்டால் அடுத்த மாத முடிவுக்குள் அறையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

"நல்ல தமிழ்ல எழுதிருக்காங்க," என்றாள். கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள்.

நானும் அவளோடு ஒப்பீசுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோபப்படவில்லை. இருக்கச் சொன்னார். கம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார். அவள் பேருக்கு நேரே முழுவதும் காலியாக இருந்தது, நடுவில் மூன்று கட்டத்தில் மட்டும் பச்சை.

"நீங்க வேலை செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா இதுல இல்லையே. முகத்தப் பாக்கிற மெஷின் ஒண்ணு வரும்னு சொல்றாங்க."

"எப்பங்கய்யா?"

"வரும்." கம்பியூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்: "வீட்டுல வேற யாரு இருக்காங்க? ஒரு பேரப் பதிஞ்சா போதும், கடிதத்த நான் நிப்பாட்டுறேன்."

"யாரும் இல்ல," என்றாள் அக்கா.

மகள் இருப்பது டிவிசனுக்கே தெரியும். பதுளையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. தோழிகளோடு அங்கேயே அறை எடுத்து இருந்தாள், பௌர்ணமி லீவான போயா நாளில் வருவாள். அந்த மகளை அக்கா ஒரு நாளும் மலைப் பக்கம் விட்டதில்லை. பள்ளிக்கூட லீவில் மற்றப் பிள்ளைகள் தாயின் கொழுந்துச் சாக்கைத் தூக்க ஓடுவார்கள். இவள் ஓடி வந்தால் அக்கா சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போ, போய்ப் படி," என்பாள். புருசன் செத்த வருடத்திலும் அதுதான். மகள் வரும் நாளில் காம்பராவுக்குக் கூட்டி வந்து அவள் கையை எனக்குத் திருப்பிக் காட்டுவாள். "பாருங்க டீச்சர், பேங்க்காரி கை மாதிரி." மகள் கையை இழுத்துக்கொள்வாள்.

அக்கா அவளுக்குக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பக்கத்து அறைக்காரிதான் போன் எடுத்துச் சொல்லிவிட்டாள். போயா இல்லாத நாளில், பையோடு மகள் வந்து இறங்கினாள். மறுநாள் காலை இருவரும் மேல் லயத்திலிருந்து பெரட்டுக்கு இறங்கி வந்தபோது காம்பரா வாசலைத் தாண்டித்தான் போனார்கள். மகள் பேசிக்கொண்டே வந்தாள்.

"ரெண்டு மாசத்துக்குத்தாம்மா என் பேரப் பதியப் போறேன். மொகம் பாக்கிற மெசினு வந்ததும் நான் போயிருவேன். பாமசில சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"ரெண்டு மாசம்னு வந்தவங்கதான் இங்க எல்லாரும்."

"வீடு இல்லாம நீ எங்க இருப்ப?"

"ஒங்க பாமசில ஒரு ராக்கை காலி பண்ணச் சொல்லு. மருந்தோட மருந்தா இருந்துக்கிறேன்."

மகள் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. என்னைக் கண்டதும் அக்கா தலையை மட்டும் அசைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அட்டை அட்டையாக வைத்திருக்கிறேன், அந்த நேரத்துக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கையில் யாரோ ஒரு பிள்ளையைத் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

களத்தில் வரிசை நின்றது. கணக்கப்பிள்ளை அக்காவின் மகளைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் அக்காவிடம், "இன்னொரு தடவை வச்சுப் பாருங்களேன் அக்கா," என்றார். கடைசியாக ஒருமுறை. அவள் வைத்தாள். விரல் விரலாக, அவசரமில்லாமல், பத்தையும். பத்துக்கும் சிவப்பு. மெஷினில்தான் கோளாறோ என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, அவர் தன் விரலை வைத்துக் காட்டினார். பச்சை. அப்போதுதான் அவள் அதைச் சொன்னது, கொழுந்து பறிக்காத விரலைப் பற்றி.

பின்னால் முப்பது நாற்பது பெண்கள் நின்றார்கள். ஏழு மணி தாண்டினால் அவர்களுக்கு அரைப்பேர். ஆனாலும் யாரும் அவசரப்படுத்தவில்லை. மகள் குடையைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தடுக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஈரமே இல்லாத அந்தப் பெருவிரலைத் தன் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, கொண்டுபோய் மெஷினின் கண்ணாடி மேல் வைத்தாள்.