காகம் எழும்பாத எஞ்சின்

மரியதாஸ் அண்ணை இறந்த செய்தியை அவருடைய மருமகன் தொலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. "மாமா விடியக்காலமை போயிட்டார். நோட்டீஸ் அடிக்கவேணும்" என்றார். எங்கள் அச்சகத்தில் மரண அறிவித்தல்கள்தான் பாதி வேலை. அந்தப் பாதியை வைத்து அண்ணை என்னை ஏமாற்றியிருக்கிறார். குரலை மாற்றி, யாரோ ஒரு கிழவி கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டதாகச் சொல்லி, நான் எழுத்துப் பிழையில்லாமல் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு தொலைபேசிக்குள் சிரிப்பார். அதனால் மருமகனிடம், "போனை அவரிட்டக் குடும்" என்றேன்.

"ஆரிட்ட?"

"மாமாவிட்ட."

 மறுமுனையில் பெண்கள் அழுவது கேட்டது. அப்போதும், வானொலியைச் சத்தமாக வைத்திருக்கிறார்களோ என்றுதான் நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுதவேண்டும் என்று குடும்பத்தார் கேட்டார்கள். அச்சகத்தில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. நல்லதை மட்டும் எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், பங்குத் தந்தையே இரண்டு பக்கம் தந்திருக்கிறார். எங்கள் அச்சகம் இருக்கும் கொட்டாஞ்சேனையில் அவரை அறியாதவர்கள் இல்லை. அவரைச் சந்தேகிக்கும் அளவுக்கு அருகில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்று வந்தவர் அவர். அச்சகத்தில் ஓடுகிற எல்லாம் அவருடையது, எழுதுகிற எல்லாம் என்னுடையது என்று முதல் நாளே பிரித்துக்கொண்டோம். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. தன்னைப்போல் காது படைத்த மனிதன் இலங்கையில் இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்வார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "பட்டதாரியார்" என்பார். அந்தப் பட்டத்துக்கு எந்த அரசாங்கமும் எனக்கு வேலை தரவில்லை என்பது தெரிந்துதான் அப்படிச் சொன்னார். தெரியாமல் சொன்னார் என்று யாராவது இனி எனக்கு விளக்க வரவேண்டாம்.

அச்சகத்துக்கு ஒரு பழைய பெற்றோல் பிக்கப் இருந்தது. கடதாசிக் கட்டுகளைக் கொட்டாஞ்சேனைக்கு ஏற்றவும், அடித்து முடித்ததை வெள்ளவத்தை, கல்கிசைப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கவும் அதுதான். பாரம் ஏற்றினால் அச்சகத்து ஏற்றத்தில் மூச்சிரைக்கும். காலி வீதியில் முச்சக்கர வண்டிகள் எங்களை முந்திப் போகும், உள்ளே இருக்கும் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "அண்ணை, இதுக்கு ஏதாவது செய்யுங்கோ, கொஞ்சம் இழுவை வேணும்" என்று எத்தனையோ முறை கேட்டேன்.

"எங்க போகப் போறீர் பட்டதாரியார்? ரேசுக்கோ?" என்பார்.

ஆனால் ஞாயிறு பூசை முடிந்ததும் பிக்கப்பின் முன்மூடியைத் திறந்துவிடுவார். பூசைக்குப் போட்ட உடுப்பை மாற்றாமலே நிற்பார். வால்வுகளைச் சரிபார்ப்பார். சைலன்சர் பொருத்துகளை இறுக்கிக் கட்டுவார். காபரேட்டரில் எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவைத் தீர்மானிக்கும் சிறிய திருகைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதன் பிறகு வருவதுதான் வேடிக்கை. எஞ்சினை அலற வைத்து, திடீரென்று அக்சிலேற்றரை விட்டுவிட்டு, எதிர்மதிலைப் பார்ப்பார். மதிலில் எப்போதும் காகங்கள் இருக்கும். அவை பறந்தால் திரும்பவும் திருகைப் பிடிப்பார். பறக்காவிட்டால் கைகளைத் துடைப்பார்.

"காகம் எழும்பாட்டி எஞ்சின் சரி" என்பது அவர் வாக்கு. தெருவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் அதைக் கோமாளித்தனம் என்றே எடுத்துக்கொண்டேன். எஞ்சினுக்கு இழுவை கேட்டால் காகத்தைக் காட்டுகிற மனிதரிடம் வேறென்ன நினைப்பது?

பிறகு நான் கவனித்தேன். அவர் கைவைத்த பிறகு பிக்கப் முன்னைவிட அதிகம் பெற்றோல் குடித்தது. பிளக்குகளைக் கழற்றினால் புகைக்கூண்டுபோல் கறுத்திருந்தன. வெள்ளவத்தையில் நான் குடியிருந்த வீட்டுக்காரர் வாகனம் தெரிந்தவர். அவர் மெதுவாகச் சொன்னார்: "பெற்றோல் எஞ்சினுக்கை போகுதோ, இல்லாட்டி வேற எங்கையும் போகுதோ?" குண்டுவெடிப்பும் கைதுமாக இருந்த அந்தக் காலத்தில் யாரும் யாரையும் நம்பாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டில் புதிதாக ஒருவர் வந்தாலே யாருக்குத் துப்புக் கொடுக்கிறாரோ என்று பயந்த காலம். பெற்றோல் அதைவிடச் சின்ன விஷயம், சின்ன விஷயத்தில் சந்தேகப்படுவது சுலபம். ஒரு மெல்லிய மூங்கில் தடியில் அடையாளம் வைத்து, மாலையிலும் காலையிலும் பெற்றோல் தாங்கிக்குள் விட்டுப் பார்த்தேன். அண்ணையைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை. அது அவருடைய கெட்டித்தனம் என்று முடிவு செய்தேன்.

அவர் வடக்கே மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போக வழியுண்டா என்று விசாரித்துத் திரிந்த ஒரு கிழமையில், அவரிடம் சொல்லாமல் பிக்கப்பைக் கல்கிசையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த சிங்கள இளைஞன் பிளக்கைப் பார்த்துத் தலையில் கைவைத்தான். "யார் ஐயா இப்படிப் பெற்றோலை ஊற்றி வைத்தது?" என்று அவனுடைய மொழியில் கேட்டான். கலவையில் பெற்றோலைக் குறைத்தான். பற்றவைக்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளினான். வேகத்தைத் தடுக்கிறது என்று சைலன்சர் பொருத்துகளையும் தளர்த்திவிட்டான். ஓட்டிப் பார்த்தேன். அதே பிக்கப்தானா என்று இருந்தது. காலை வைத்தால் பாய்ந்தது. முச்சக்கர வண்டிகளை நான் முந்தினேன்.

அன்று பின்பக்கத்தில் இருந்தவை நினைவு மலர்கள். எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாளில் கொடுப்பார்களே, முகப்பில் இறந்தவரின் படமும் உள்ளே தேவாரமும் உறவினரின் கண்ணீரும். சிறுநீரகம் பழுதாகி இறந்த இருபது வயதுப் பையன் ஒருவனுடையது. வெள்ளவத்தையில் அவன் தகப்பனிடம் கொடுக்கவேண்டும். காலி வீதியில் கால்வாய்ப் பாலத்துக்குக் கிட்டச் சோதனைச்சாவடி. சிப்பாய் கையைக் காட்டினான். நான் வந்த வேகத்தில் அக்சிலேற்றரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன்.

பிக்கப் வெடித்தது. சைலன்சருக்குள் இருந்து ஒன்று, அடுத்து ஒன்று. துப்பாக்கிச் சூட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல என்னாலேயே முடியாது. சிப்பாய்கள் மண்மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்தார்கள். பேருந்துக்கு நின்ற சனம் தரையில் படுத்தது. பிறகு எல்லாத் துவக்குகளும் என் பக்கம் திரும்பின. "பஹின்ன! பஹின்ன!" இறங்கச் சொல்லுகிறார்கள் என்று தெரிந்தும் கை கதவுப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தது. யாரோ என்னை இழுத்துப் போட்டார்கள். மத்தியான வெயிலில் தார் கொதித்தது, கன்னத்தைத் தூக்க அவர்கள் விடவில்லை. என் தலைக்கு நேரே சப்பாத்துகள் பின்பக்கத்துக்குப் போயின. மலர்க் கட்டுகளை வெட்டிப் பிரிக்கும் சத்தம். பிறகு தாள்கள் புரளும் சத்தம். அவர்கள் முகப்பைப் பார்க்கிறார்கள் என்று விளங்கியது. வாசிக்க முடியாத எழுத்து, அதன் நடுவில் மாலை போட்ட ஓர் இளைஞனின் படம், அதே படம் நூற்றுக்கணக்கில்.

"கவுத மேயா?" யார் இவன் என்று கேட்டான் ஒருவன். எப்படிச் செத்தான், எந்தச் சண்டையில் செத்தான். சிறுநீரகத்துக்குச் சிங்களச் சொல் எனக்குத் தெரியும். அந்த நேரம் வரவில்லை.

பொலிஸ் நிலையத்தில் என்னை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். அங்கே கொண்டுபோனவர்கள் எல்லோரும் வீடு திரும்பியதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். பிக்கப் முற்றத்தில் நின்றது. பின்னேரமாகும்போது செய்தி எட்டி மரியதாஸ் அண்ணை வந்தார், பையனின் தகப்பனையும் கூட்டிக்கொண்டு. தகப்பன் கையில் ஆஸ்பத்திரிப் பத்திரங்கள். அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து, "ஆ, மரியதாஸ் மாத்தயா" என்று மரியாதையாக அழைத்தார்.  இவரை இவர்களுக்கு எப்படித் தெரியும்?

படத்தின் கதை பத்திரங்களோடு முடிந்தது. வெடியின் கதை முடியவில்லை. அண்ணை இன்ஸ்பெக்டரை முற்றத்துக்கு அழைத்துப் போனார். எல்லோரையும் காதைப் பொத்தச் சொன்னார். எஞ்சினை அலறவிட்டுக் காலை எடுத்தார். வெடித்தது. வேலியில் இருந்த காகங்கள் அத்தனையும் கத்திக்கொண்டு கிளம்பின, ஒரு கான்ஸ்டபிள் குந்திவிட்டான். அண்ணை இறங்கிப் பொருத்துகளை இறுக்கினார், திருகைத் திருப்பினார், காகங்கள் வந்து இருக்கும்வரை காத்து நின்றார். திரும்பவும் அலறவிட்டார், காலை எடுத்தார். சத்தமில்லை. வேலியில் ஒரு காகம் இறகைக் கோதிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். என்னைப் போகச் சொன்னார்கள்.

வரும் வழியில் அவர்தான் ஓட்டினார். பழையபடி முச்சக்கர வண்டிகள் எங்களை முந்தின.

"அண்ணை, இதுக்காகத்தான் பெற்றோலைக் கூட்டி வச்சனீங்கள் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கலவை மெலிஞ்சால் சைலன்சருக்கை வெடிக்கும் எண்டு சொல்லலாம். நீர் நம்புவீரோ? என்னை நம்பாமல் தடி வச்சு அளந்த ஆள் நீர்."

அவர் கியரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

"நல்ல தடி. ஒருக்கா நான் அடையாளத்தை மாத்திக் கீறியும் விட்டனான். நீர் கண்டுபிடிக்கேல்லை."

"உங்களை எப்பிடி இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்?"

"அவன்ர ஜீப்பும் வெடிச்சுக்கொண்டு திரிஞ்சது தம்பி, நான்தான் திருத்திக் குடுத்தனான். அவங்களுக்கும் பயம்தானே."

முதன்முறையாகத் தம்பி என்றார். அடுத்த நாள் திரும்பவும் பட்டதாரியார்தான். அந்தக் கிழமைக்குள் கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை பரவியிருந்தது. பட்டதாரியார் காலி வீதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்ட கதையை அவர் நடித்தே காட்டினாராம். தாரில் வெந்த என் கன்னம் ஆறும் முன்னே அதைச் செய்தார்.

அந்த ஜீப் கதையை நான் இன்றுவரை முழுதாக நம்பவில்லை. பாதி நம்புகிறேன். அவர் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் அந்தத் தாரில் கிடந்திருக்க மாட்டேன். எனக்குத் தெரியக்கூடாது, எஞ்சின் விஷயத்தில் நான் என்றும் தன்னிடமே வந்து நிற்கவேண்டும் என்று அவர் விரும்பினார் என்றே நினைக்கிறேன். அல்லது, பயத்தை வாய்விட்டுச் சொன்னால் பயம் கூடிவிடும் என்று நினைத்தாரோ தெரியாது. ஞாயிறுதோறும் அவர் மதிலைப் பார்த்து நின்றது எதற்காக என்று அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. இந்தக் கணக்கு எனக்கும் அவருக்கும் இடையில் தீரவில்லை. மண்ணுக்குள் போய்விட்டார் என்பதற்காக நான் அதைத் தீர்த்துவிடப் போவதுமில்லை.

அவருடைய மரண அறிவித்தலை நானே அச்சுக் கோத்தேன். பிழை பார்க்க யாரையும் விடவில்லை. அதில் ஒரு கட்டை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு அடக்கத்துக்காகக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினேன். முகப்பில் சிரிக்கிற அவருடைய படம், கட்டுக்கட்டாகப் பின்னால். வழியில் ஒரு சிப்பாய் கையைக் காட்டினான். சின்னப் பையன், விரல் விசையில் இருந்தது.

நான் காலை மெல்ல, மெல்ல எடுத்தேன். பிக்கப் மூச்சிரைத்து, சத்தமில்லாமல் நின்றது. மண்மூட்டையின் மேல் ஒரு காகம் இருந்தது. அது என்னைப் பார்த்தது, எழும்பவில்லை.

அந்தப் பிக்கப்பில் அவருடைய பாதியை மருமகன் கேட்கிறார், கொடுத்துவிடுவேன். என் வலது காலில் அவர் விட்டுப்போனதை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியாது.