கயிற்றுக்கு இந்தப் பக்கம்

ஐம்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவன் நான். விரலில் ஊசி ஏறாத வாரம் கிடையாது. ஆனால் டாக்டர் கையில் ஊசியைப் பார்த்தால் பயம். தடுப்பூசி போடும் இடத்து வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். கோட்டுத் தோளுக்கு வைக்கும் பஞ்சில் கொஞ்சம் கிள்ளிக் கையில் ஒட்டிக்கொண்டு, "போட்டாச்சும்மா" என்று மகளிடம் சொன்னேன்.

அவள் நம்பிக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாள். கப்பல் போகிற துறைமுக ஊரில்தான் என் அக்கா இருக்கிறாள். பார்த்து இருபத்திரண்டு வருஷம்.

ஏறும் இடத்தில் சான்றிதழ் கேட்டார்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஊசி போடாதவங்களும் கப்பல்ல வரலாம். ஆனா கரையில எங்க பஸ்லதான் போகணும், எங்க பஸ்லயே திரும்பணும். வெளியாளோட சேரக் கூடாது" என்றார் அதிகாரி.

"அக்கா வெளியாளாங்க?"

"அக்காவும்தான்."

மகள் போனில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அக்கா ஊர்க் கடற்கரையில் பஸ்ஸை நிறுத்தி, ஊசி போடாத எங்களைச் சுற்றிக் கயிறு கட்டி, பத்து நிமிஷம் காற்று வாங்க விட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைத்தடியோடு அக்கா.

"ஏன்டா, எழுபத்திரண்டு வயசுல ஊசிக்குப் பயமா? வெட்கமா இல்ல?"

"இருக்குக்கா."

"பஞ்சு வேற ஒட்டிக்கிட்டியாமே!"

பத்து நிமிஷமும் திட்டினாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே அவள் முகத்தை ஆசை தீரப் பார்த்தேன். பஸ் கிளம்பிய பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்ததுபோல. தடியை ஊன்றிப் பின்னாலேயே வந்து, "சாப்பிட்டியாடா?" என்று கத்தினாள்.

சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன். அதுவும் பொய்தான்.