சின்ன பாட்டிலை அலம்பிய மூன்று மாதங்கள்

பாப்பா, தம்பி, அப்பா தண்ணீர் ஆராய்ச்சி செய்தார் என்று நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். போன வாரம் உங்கள் டீச்சர் என்னை கேட் அருகில் நிறுத்தி, "ஒரு நாள் வந்து பசங்க கிட்ட பேசுங்க சார்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நான் செய்தது ஆராய்ச்சி இல்லை, கூடமாட நின்றேன், அவ்வளவுதான். அதிலும் ஒரு தப்பு செய்தேன். உங்கள் வகுப்பில் வந்து நிற்பதற்கு முன்னால் அதை உங்களுக்கு எழுதிவிடுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் குழாய்களை ஆசிட் தொட்டியில் முக்கித் துரு எடுக்கும் கம்பெனி. அங்கே சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இரண்டு விஷயம். கையில் ஒரு சொட்டு பட்டாலும் குழாயடிக்கு ஓட வேண்டும். ஆசிட் இருந்த கேனை மூன்று தடவை அலம்பாமல் வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. இத்தனை வருடத்தில் என் கையில் பெரிய காயம் இல்லை என்றால் இந்த இரண்டும்தான் காரணம்.

தண்ணீர் ஆராய்ச்சி செய்த மேடம் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஆனாலும் நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன், அவர் அண்ணா என்றார். நம் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரயில் ஏறி வருவார். நம் தெரு அடிபம்பு எத்தனை அடி ஆழம் என்று டீக்கடையில் கேட்டபோது, போர் போட்ட அன்று பைப் தூக்கிக் கொடுத்தவன் என்பதால் நான் பதில் சொன்னேன். அப்படித்தான் பழக்கம்.

ஒவ்வொரு தடவையும் இரண்டு பாட்டில். உப்பு பார்க்கப் பெரியது, உலோகம் பார்க்கச் சின்னது. முதல் இரண்டு மாதம் அவரே வந்து எடுத்தார். நான் பம்பு அடித்தேன். பெரிய பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலம்பிவிட்டுப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். சின்னதை அவர் கையிலேயே வைத்துக்கொண்டு பிடித்தார். நான் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு மாதமும் ஈயம் இருப்பதாக வந்தது. "இத வச்சு முடிவா சொல்ல முடியாதுண்ணா, இன்னும் சில மாசம் பார்க்கணும். அதுவரைக்கும் மாசமா இருக்கறவங்களும் சின்ன பசங்களும் இத குடிக்க வேணாம்" என்றார் மேடம். தெருவில் அப்போது மாசமாக இருந்தது எதிர் வீட்டு மருமகள் ஒருத்திதான். கல்யாணமாகி ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து வந்த பெண். அவர்கள் கேன் தண்ணீருக்கு மாறினார்கள். உங்களுக்காக நாமும் மாறினோம்.

மூன்றாவது மாதம் மேடத்துக்கு லேபை விட்டு வர முடியவில்லை. பாட்டில்களையும் ஐஸ் பெட்டியையும் கொடுத்தனுப்பி, "நீங்க தான் கூடவே இருந்து பார்த்தீங்களேண்ணா, எடுத்து ரயில்வே ஸ்டேஷன்ல எங்க லேப் ஆள்கிட்ட குடுத்துடுங்க" என்று போனில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சின்ன பாட்டிலின் மூடியைத் திறந்ததும் விரலில் சுருக்கென்று பட்டது. அது எனக்குத் தெரியாத சுருக்கு இல்லை. ஆசிட். அடியில் சில சொட்டுகள் கிடந்தன. லேபில் யாரோ சரியாகக் கழுவாமல் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். மேடத்திடம் சொன்னால் கழுவின ஆளுக்கு வேலை போகுமோ என்று ஒரு எண்ணம். அதோடு, இந்த ஆசிட்டோடு அனுப்பினால் நம் தெருத் தண்ணீரில்தான் ஆசிட் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள், நம் ஊருக்குக் கெட்ட பெயர் வரும் என்றும் நினைத்தேன். லேபிளில் ஏதோ இங்கிலீஷில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் பார்க்கப் பொறுமையில்லை. கம்பெனியில் செய்கிற மாதிரியே மூன்று தடவை நன்றாக அலம்பிவிட்டுப் பிடித்தேன். அடுத்த இரண்டு மாதமும் அப்படியே செய்தேன்.

மூன்று மாதமும் ஈயம் இல்லை என்று வந்தது.

முதல் மாத முடிவை மேடம் போனில் சொன்ன குரலில் சந்தோஷத்தைவிட யோசனைதான் இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. பம்படியில் நின்று எல்லோருக்கும் சொன்னேன். எதிர் வீட்டு மாமியார், "மெய்யாலுமா நைனா? மருமக குடிக்கலாமா?" என்று என்னைத்தான் கேட்டார். மேடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "தாராளமா குடிக்கலாம்மா, நானே என் கையால புடிச்சி அனுப்பன தண்ணி" என்றேன். அன்றைக்கே அவர்கள் கேனை நிறுத்தினார்கள். நாமும் நிறுத்தினோம்.

மூன்று மாதமும் முடிந்த பிறகு, அடுத்த தடவை மேடம் நேரில் வந்தார். "இன்னிக்கு நீங்களே எடுங்கண்ணா, நான் பார்க்கறேன்" என்றார். பெரிய பாட்டிலை முடித்துவிட்டு, சின்னதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கீழே ஊற்றினேன்.

"அண்ணா! என்ன பண்றீங்க?"

"ஆசிட் கீது மேடம். யாரோ கழுவாம குடுத்துட்டாங்க. நான் ஒவ்வொரு தபாவும் அலம்பிட்டு தான் புடிக்கிறேன்."

அவர் பம்பு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு திட்டாமல் சொன்னார். அந்த ஆசிட் வேண்டுமென்றே விட்டது. அது இருந்தால்தான் ஈயம் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். இல்லையென்றால் சென்னை போய்ச் சேர்வதற்குள் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மெஷினுக்குள் போவது வெறும் தண்ணீர்.

"அப்போ ஈயம் போவலியா மேடம்?"

"தெரியாதுண்ணா. அந்த மூணு மாச ரிசல்ட்டும் செல்லாது, அவ்ளோதான் சொல்ல முடியும்." பிறகு, "தப்பு உங்க மேல மட்டும் இல்ல. அலம்பக் கூடாதுன்னு நான் வாயால சொல்லல. வந்த பாட்டில்ல ஆசிட் இருக்கான்னு லேப்ல நிறம் மாறற ஒரு காகிதம் விட்டுப் பார்த்திருக்கணும், அதையும் பார்க்கல" என்றார்.

அலம்பாத வேறு பாட்டிலில் தண்ணீர் பிடித்தோம். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார். "எதிர் வீட்ல நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உடனே தெருவைத் தாண்டவில்லை. நம் வீட்டுக் குடத்தை முதலில் கவிழ்த்தேன். உங்கள் அம்மா காரணம் கேட்டாள், சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகுதான் எதிர் வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம். நான் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார். "இன்னா நைனா வெளாட்றியா? அன்னிக்கு நீ தான தாராளமா குடின்னே? டவுனு பொண்ணு கூட பாட்டிலத் தூக்கிக்கினு சுத்துனா நீயும் டாக்டராயிடுவியா?"

"தப்பு பண்ணிட்டேம்மா. இனிமே குடிக்க வேணாம்."

மருமகள் கத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, மூணு மாசமா அதான குடிச்சிக்கினு கீறேன். புள்ளைக்கு எதுனா ஆவுமா?"

முன்பு தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னவன், அன்றைக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். மறுநாள் மேடம் போன் செய்து, ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கச் சொல்லி அவளிடமே பேசினார். அவர்கள் போய்ப் பார்த்தார்கள். என்ன வந்தது என்று என்னிடம் சொல்லவில்லை, கேட்கும் உரிமையும் எனக்கில்லை. அந்தக் குழந்தைதான் இன்றைக்கு உங்களோடு விளையாட வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது ஒரு வார்த்தை தாமதமாகப் பேசினாலும் நான் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. ஈயம் இருந்தது, முன்பு வந்ததைவிடக் கொஞ்சம் கூடவே. எங்கிருந்து வருகிறது என்பது தனி ஆராய்ச்சி, அது இன்னும் முடியவில்லை. மேடம் ஊராட்சியில் காகிதம் கொடுத்தார். பம்பை மூடுவதாகச் சொன்னார்கள், ஆள் திங்கட்கிழமை வருவான் என்றார்கள். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமைதான். தெருவில் பாதிப் பேருக்கு நம்பிக்கையில்லை. "ஒரு தபா இருக்குன்றான், ஒரு தபா இல்லன்றான், ஒரே பேஜாரா போச்சு" என்று சொல்லிக்கொண்டே குடத்தோடு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படிப் பேச வைத்தவன் நான்.

சனிக்கிழமை எனக்கு மதிய ஷிப்டு இல்லை. வெயிலில் தெருவில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். பம்பின் கைப்பிடியைப் பிடிக்கும் போல்ட் துருவேறி இறுகிக் கிடந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. கைப்பிடியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போய், பூட்டியிருந்த ஊராட்சி அலுவலகத்தின் வாசலில் சாத்திவிட்டு, யார் கழற்றியது என்று தெரிய ஒரு சீட்டில் என் பெயரை எழுதி அதில் செருகிவிட்டு வந்தேன்.