லில்லி சிஸ்டரின் வியாழக்கிழமை

எங்கள் லில்லி சிஸ்டரைப் போல ஓர் ஏமாளியை நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடமாகப் பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். புதன்கிழமைதோறும் என் அங்கன்வாடியில்தான் ஊசி என்பதால், அவர் வாங்கும் ஏச்சில் பாதி என் காதிலும் விழும். "புள்ளைக்குக் காய்ச்சல் வர வெச்சிட்டீங்களே", "தொடை வலிச்சி காலையே ஊன மாட்டேங்குது" என்று தாய்மார்கள் மறுநாளே வந்து நிற்பார்கள். ஒன்றிரண்டு நாள் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே சிஸ்டரின் தொண்டை கட்டிப்போயிற்று.

தறி வீடுகளுக்கு அவர் அமாவாசை பார்த்துத்தான் நாள் குறிப்பார். கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும். பிள்ளை அழுது அம்மா எழுந்தால் தறி நின்றுபோகும். அமாவாசையன்று தறிக்கு லீவு. முந்தின நாள் ஊசி போட்டால் காய்ச்சலும் வலியும் லீவு நாளோடு போகும்.

போன வருஷம் நெசவாளி தினேஷ் வீட்டில்தான் இது தப்பியது. மூன்றரை மாதக் குழந்தைக்கு, ஏதோ அசதியில், அமாவாசையன்றே வரச்சொல்லிப் போட்டுவிட்டார். மறுநாள் தறி ஏறும் நேரத்தில் காய்ச்சல். இரண்டு நாள் தறி நின்றது, முகூர்த்தச் சேலை தள்ளிப்போனது. தினேஷின் மனைவி கீர்த்தி அத்தோடு ஊசிக்கு ஒரு முழுக்குப் போட்டாள். இப்போது பிள்ளைக்கு ஒன்றரை வயதாகிவிட்டது. பெயர் திருஞானசம்பந்தம், கூப்பிடுவது சம்பந்து.

போன மாதம் பக்கத்துத் தெருக் குழந்தை ஒன்று ஊசி தடுக்கக்கூடிய கக்குவான் இருமலில் ஆஸ்பத்திரியில் கிடந்தது. சிஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு கீர்த்தி வீட்டுக்குப் போனார். ஊசி புதனில்தான்; மறுநாள் வியாழன் அமாவாசையாக அமைய இன்னும் மூன்று மாதம் இருந்தது, அதுவரை காத்திருக்க சிஸ்டருக்கு மனமில்லை.

கீர்த்தி தறியிலிருந்து தலையே நிமிர்த்தவில்லை. "நீங்க குத்திட்டுப் போயிடுவீங்க சிஸ்டர். நாள் பூரா அழுவுறத யாரு தூக்கி வெச்சிக்கினு இருப்பா? தறிய யாரு பாக்குறது?"

"அன்னைக்கு நாள் தப்பா குறிச்சது நான்தாம்மா. இந்த வாட்டி காய்ச்சல் வந்தா நானே வந்து வெச்சிக்கிறேன். நீ தறிய வுட்டு எழுந்துக்காத."

எனக்கு வந்ததே கோபம்! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வார்களா? ஐம்பத்தாறு வயது, முழங்கால் தேய்ந்துபோன மனுஷி.

கீர்த்தி அரைமனதாய் ஒப்புக்கொள்ள, புதனன்று ஊசி போட்டாயிற்று. வியாழனன்று சிஸ்டர் லீவு போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போய்விட்டார். மதியம் எட்டிப் பார்த்தேன். தோளில் சம்பந்து, அவன் தொடையில் ஈரத்துணி. லேசான காய்ச்சல்தான், எடைக்குத் தகுந்த மருந்து கொடுத்திருந்தார். கீழே விட்டால் கால் வலித்து வீறிட்டான். தறிக்கும் சுவருக்கும் நடுவில் நாலு தப்படி இடம். அதிலேயே நடந்துகொண்டிருந்தார். தறி ஓடிக்கொண்டிருந்தது.

"சித்த ஒக்காருங்களேன்" என்றேன்.

"ஒக்காந்தா முழிச்சிக்கிறான் பிரவீனா."

சாயங்காலம் காய்ச்சல் விட்டது. சம்பந்து நொண்டி நொண்டித் தறியண்டை போனான். கீர்த்தி அப்போதுதான் எழுந்து காபி கொண்டுவந்தாள். "உங்க காலு வீங்கியிருக்குது சிஸ்டர்" என்றவள், அழுதேவிட்டாள். சிஸ்டர் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். காபி ஆறிப்போயிற்று.

அடுத்த புதன்கிழமை, பல மாதமாக எட்டிப் பார்க்காத நாலு அம்மாக்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். முதலில் நின்றவள் கேட்டாள்: "காய்ச்சல் வந்தா நீங்களே வந்து வெச்சிக்குவீங்களாமே சிஸ்டர்? கீர்த்தி சொன்னா."

நான் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் கையைக் காட்டி அடக்கினார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"வூடு எந்தத் தெரும்மா?" என்று கேட்டபடி ஊசியை எடுத்தார்.