இரண்டும் ஆண் என்று சொன்னவள்

சீருடை தைக்கும் பட்டறையில் எல்லாருக்கும் அவள் கட்டிங் அக்கா. அறுபது மடிப்புத் துணியை மேசையில் பரப்பி மின்கத்தியை ஓட்டினாள் என்றால் மேல் மடிப்பும் அடி மடிப்பும் நூல் பிசகாமல் இருக்கும். கோபமோ மூக்கு நுனியில். நூல்கண்டைத் தரையில் போட்டவன் முதல் முதலாளி வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் அங்கே கிடையாது.

வீட்டு ஜன்னலோரம் நான்கு கண்ணாடித் தொட்டிகளில் ஜெர்பில் வளர்த்தாள். உள்ளங்கை நீள உடம்பு, வால் நுனியில் குஞ்சம், நாள் முழுக்க மண்ணைத் தோண்டும் வறண்ட நிலத்து எலி. ஜோடி சேர்ப்பதற்கு அவள் பார்க்கிற பொருத்தம், பெண்ணைப் பெற்றவர்கள்கூடப் பார்க்க மாட்டார்கள். எது எதற்குப் பிறந்தது என்று அளவு அட்டையின் பின்பக்கம் எழுதி வைப்பாள். கூடப்பிறந்தவற்றைச் சேர்க்கவே மாட்டாள். ஒரு தாய் எலிக்குக் கையில் எடுத்தாலே வலிப்பு வந்தது. அதன் குட்டிகளில் பாதிக்கும் வந்தது. அந்த வம்சமே வேண்டாம் என்று நிறுத்தியவள், மிஞ்சிய இரண்டு குட்டிகளைத் தம்பியின் செல்லப்பிராணிக் கடைக்குக் கொடுத்தாள்.

"ரெண்டும் ஆண். சும்மா பார்வைக்கு வச்சுக்கோ. விக்காதே."

அதன்பின் கடையில் போடும் மரத்தூளால் எலிகளுக்கு மூக்கு புண்ணாகிறது என்று ஒரு பெரிய சண்டை. எட்டு மாதமாக அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

அன்று மதியம் பட்டறை இஸ்திரிக்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, பொண்ணு கேட்டான்னு உங்க தம்பி கடையில எலி வாங்கினேன். கையில எடுத்தா உடம்பு வெட்டி வெட்டி இழுக்குது. பாக்கவே பயமா இருக்கு."

அவளுக்குச் சுரீர் என்றது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கிளம்பினாள்.

கடையில் நேராக ஜெர்பில் தொட்டியின் முன் போய்க் குனிந்தாள். முதுகெலும்பு தெரிய, முடி உதிர்ந்து, கண் திறக்காத ஐந்து குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது தாய். அதற்குள் வயிறு மறுபடியும் பருத்திருந்தது. பக்கத்திலேயே ஆண்.

"பெத்த அன்னிக்கே மறுபடி சேரும்டா இது! ஆணை எடுக்காம விட்டிருக்கியே, இது உடம்பா, மிஷினா? எவன்கிட்ட வாங்கின இந்தப் பொட்டைய?"

தம்பி மென்று விழுங்கினான். "வாங்கலக்கா. நீ குடுத்ததுதான்."

"நான் குடுத்தது ரெண்டு ஆண்."

"மூணு மாசத்துல குட்டி போட்டுச்சு. இது மூணாவது தடவை."

வாலைப் பிடிக்காமல் உள்ளங்கையால் ஏந்தி, தாயைத் திருப்பிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அன்று ஒன்றைத்தான் சரியாகப் பார்த்தாள். இன்னொன்று கைக்கு அடங்காமல் நழுவியது. மேல் மடிப்பைப் பார்த்து அடி மடிப்பையும் நம்பிப் பழகிய கை, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டது. அண்ணனையும் தங்கையையும் ஒரே தொட்டியில் போட்டவள் அவளேதான்.

"ஏண்டா அப்பவே சொல்லல?"

"சொன்னா கத்துவ."

கத்த ஆள் எதிரே நின்றான்; காரணம்தான் பாதி கைநழுவிப் போயிருந்தது. தண்ணீர்ப் புட்டி காலியாக இருப்பதைப் பார்த்து அதற்காகக் கத்தினாள். பிறகு குரல் இறங்கிற்று.

"விக்காதேன்னு சொன்னேன்ல. எத்தனை போச்சு?"

"பன்னெண்டு."

"வாங்கினவங்களுக்கெல்லாம் இப்பவே போன் போடு. குட்டி எடுக்க வேணாம்னு சொல்லு."

ஆணை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினாள். தன் மேலேயே இவ்வளவு ஆத்திரம் வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இஸ்திரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "தம்பியை நல்லாக் கேட்டீங்களா அக்கா?"

"உங்ககிட்ட என்ன சொல்லி வித்தான்?"

"கட்டிங் அக்கா கைப்படப் பாத்த வம்சம், ஒரு குறையும் வராதுன்னாரு. அத நம்பித்தான் ஜோடியா வாங்கினேன். இப்போ பொட்டைக்கு வயிறு தெரியுது. பொண்ணு நாள் எண்ணிக்கிட்டிருக்கா."

அவள் அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"ஆணை இன்னிக்கே தனியா எடுங்க அண்ணே. பொட்டைய யாரும் தொடாதீங்க. வலிப்பு குட்டிங்களுக்கும் வரும். பாத்தவங்க தப்பாப் பாத்துட்டாங்க."

"யாரு, உங்க தம்பியா?"

ஆமாம் என்றால் போதும், பட்டறையே நம்பும். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"நான்தான்," என்றாள், நூல்கண்டைப் போட்டவனைத் திட்டுகிற அதே குரலில். "சாயங்காலம் வந்து உங்க பொண்ணுகிட்ட நானே சொல்றேன். அவ எவ்வளவு வேணும்னாலும் கத்தட்டும்."